புரூன், பிளம், கவாத்து: ஒரு துண்டுத்தாளின் குழப்பம்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொஞ்சம் தேயிலையும் நாலைந்து பிளம்ஸ் மரங்களும் இருக்கின்றன. சென்ற மாதம் புதிதாக ஒரு கத்திரி வாங்கியவர், அதோடு வந்த துண்டுத்தாளை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்."

தாளில் இருந்தது இது: "ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் மரங்களைக் கொடிமுந்திரி செய்யவும். கொடிமுந்திரிக்குப் பிறகு கத்திரிக்கு எண்ணெய் இடவும்."

"கவாத்து செய்யச் சொல்கிறார்கள், ஐயா."

"அதை அப்படியே எழுதினால் என்னவாம்?"

நியாயமான கேள்வி. தாளை மொழிபெயர்த்தது மனிதராக இருக்க முடியாது, ஏதோ இயந்திரம். அதன் கண்ணில் பட்டது 'புரூன்' என்ற ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தில் இரண்டு புரூன் உண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஒன்று உலர்ந்த பிளம் பழம். மற்றொன்று கிளையை வெட்டிச் சீராக்குவது, அதாவது கவாத்து. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழம் லத்தீனில் 'புரூனம்' என்றிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெட்டும் புரூனும் பழைய பிரெஞ்சு வழியாகத்தான் வந்தது, ஆனால் அதன் மூதாதை வேறு. சுற்றி வட்டமாக வெட்டுவதைக் குறித்த ஒரு லத்தீன் வடிவத்தோடு அதை அகராதிக்காரர்கள் இணைக்கிறார்கள். இயந்திரம் பழத்தை எடுத்துக்கொண்டது. அதிலும் தவறு: கொடிமுந்திரி என்பது தமிழில் திராட்சை.

ஒரே உருவில் இருப்பவை அந்நியர்களாக இருக்க, உருவே மாறிப்போன இரண்டு சொற்கள் உடன்பிறந்தவை. பிளம், பழப் புரூன் இரண்டுமே அந்தப் 'புரூனம்' பெற்றவைதான். ஜெர்மானிய மொழிகள் அதை மிக முன்பே கடன் வாங்கியபோது ரகரம் லகரமாயிற்று, னகரம் மகரமாயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'புளூமே' என்று நின்று பிறகு பிளம் ஆனது. இது நம்ப முடியாத மாற்றம் என்று நினைப்பவர்கள் பள்ளியில் படித்த கடைப்போலியை நினைத்துக்கொள்ளலாம். பந்தல், பந்தர், சாம்பல், சாம்பர். நிலம், நிலன். அதே லகர ரகரம், அதே மகர னகரம்.

பிளம் என்று தமிழில் எழுதினால் இன்னொரு ஆங்கிலச் சொல்லும் அதே உருவில் வந்து நிற்கும். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்தக் குண்டு. ஆங்கிலத்தில் இதன் கடைசியில் ஒலிக்காத ஒரு 'பி' உண்டு. லத்தீனில் 'பிளம்பம்' என்றால் காரீயம். வேதியியல் பாடத்தில் காரீயத்தின் குறியீடாக நிற்கும் 'பி, பி' என்ற இரண்டு எழுத்துகளும் அதன் மிச்சம். ரோமானியர் காரீயக் குழாயில் தண்ணீர் கொண்டுபோனார்கள். காரீய வேலை செய்தவர் பிளம்பர் ஆனார். ஆங்கிலேயர் 'பிளம்மர்' என்று பி-யை விழுங்கிவிடுகிறார்கள்; நாம் பிளம்பர் என்று முழுதாகச் சொல்லி அந்தக் காரீயத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். சரிவில் தடுப்புச் சுவர் எழுப்பாமல் வீடே கட்ட முடியாத எங்கள் மலையில் குண்டுக்கு வேலை அதிகம். "குண்டு போட்டுப் பார்" என்று மேஸ்திரி குரல் கொடுத்தால் நூலில் ஆடுவது பித்தளையோ இரும்போதான். இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை: தூக்குக்குண்டு. (மேஸ்திரி போர்த்துகீசியச் சொல் என்பது வேறு கதை.)

இந்த வரிசையில் நிற்கும் இன்னொரு ஆங்கிலச் சொல் 'புளூம்'. அது லத்தீன் 'புளூமா'விலிருந்து வந்தது, பொருள் மென்மையான இறகு. தமிழில் இறகு, தூவி என்றே சொல்லிவிடலாம்.

பழத்துக்குத் தமிழ் என்ன என்பதுதான் சிக்கல். சொற்பட்டியல்கள் 'கொத்துப்பேரி' என்கின்றன. பெயர் அழகு. ஆனால் குன்னூர் சந்தையில் கொத்துப்பேரி கேட்டால் கடைக்காரர் பேரிக்காய்க் கூடையைக் காட்டுவார். போதாக்குறைக்கு அந்தப் பேரியே போர்த்துகீசிய 'பேரா' என்பார்கள். தனித்தமிழ் என்று எடுத்த சொல்லில் பாதி கப்பலில் வந்தது. உலர்ந்த பிளமுக்கு நாட்டு மருந்துக் கடையில் வெகுகாலமாக ஒரு பெயர் இருக்கிறது: ஆல்பக்கோடா. பாரசீகத்தில் 'ஆலூ' பிளம். புகாரா இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள நகரம். புகாராவின் பிளம், நம் நாவில் உருண்டு ஆல்பக்கோடா ஆயிற்று. இந்தி தெரிந்தவர்கள் இதைப் புகாரா உருளைக்கிழங்கு என்று படித்துவிடக் கூடாது. அந்த ஆலூ வேறு. என்னைக் கேட்டால் மரத்தில் இருக்கும்போது பிளம்ஸ், உலர்ந்த பின் ஆல்பக்கோடா.

வெட்டும் புரூனுக்குக் 'கத்தரித்தல்' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் தலைமுடியையும் கத்தரிக்கிறோம், துணியையும் கத்தரிக்கிறோம். கவாத்து என்றால் மலையில் வேறு பொருள் வராது. வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் தேயிலையை நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு இறக்குவது கவாத்து. இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பிளம்ஸ் மரத்தில், டிசம்பர், ஜனவரி வாக்கில் காய்ந்த கிளையையும் குறுக்கே ஓடும் கிளையையும் எடுப்பதும் கவாத்துதான். அந்தக் கத்திக்கே கவாத்துக் கத்தி என்று பெயர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தாளின் ஓரத்தில் 'கவாத்து' என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். பெரியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெலிங்டன் ராணுவ முகாமில் சிப்பாய்கள் காலையில் கால் தூக்கி நடப்பதும் கவாத்துதானே, தம்பி? அது எந்தச் சாதி?"

அது அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'கவாயித்'. விதிகள், ஒழுங்குமுறை என்று பொருள் என்றேன்.

"பார்த்தீர்களா, நம்மிடமும் இரண்டு இருக்கிறது. அந்த இயந்திரத்திடம் இதைக் கொடுத்தால் என் தேயிலையை வரிசையாக நிற்க வைத்து அணிவகுப்பு நடத்தச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.