ஸ்கிராப்பைக் கழிவாக்கியது யார்?

தொழிற்சாலை மென்பொருளைத் தமிழாக்குகிறவர்கள் 'ஸ்கிராப் காஸ்ட்' என்று கண்டதும் யோசிக்காமல் போடுவது 'கழிவுச் செலவு'. லேத் பட்டறைக்காரர் இதைப் பார்த்தால் அழுக்குக் கூலன்டை (கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) அப்புறப்படுத்தும் செலவு என்று நினைப்பார். சாயப்பட்டறைக்காரருக்குச் சுத்திகரிப்பு நிலையம் நினைவுக்கு வரும். கணக்கு எழுதுகிறவருக்கோ கழிவு என்றால் தள்ளுபடி. 'கழிவு 4%' என்றால் யாருக்குக் கொடுத்தோம் என்றுதான் கேட்பார்.

ஸ்கிராப் பழைய நார்ஸ் சொல். சுரண்டு என்பதே வேர், சுரண்டியதில் விழுந்த துணுக்கு என்பது பொருள். (நம் 'சுரண்டல்' அரசியல் மேடைக்குப் போய்விட்டது, இனித் திரும்பாது.) கழிவு, 'கழி' என்ற வினையிலிருந்து வந்தது, நீங்குதல், குறைதல்.

அடக்கவிலைக் கணக்கியல் உற்பத்தியில் வீணாவதை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆவியாகவோ தூசியாகவோ போய், காசு பெறாதது ஒன்று; கழிவு என்ற சொல் பொருந்துவது அதற்கு மட்டும்தான். கடையும்போது உதிரும் துருவல், வெட்டுத்துண்டு போல எடைக்கு விலைபோவது ஸ்கிராப். கெட்டுப்போய்த் திருத்த வழியில்லாத உருப்படி மூன்றாவது, மறுவேலை செய்தால் தேறுவது நான்காவது. தொழிற்கூடத்துப் பேச்சில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே ஸ்கிராப். தமிழாக்கமோ நான்கையும் ஒரே தொட்டியில் கொட்டுகிறது.

இத்தனைக்கும் நகைக்கடை பில்லிலேயே நல்ல சொல் கிடக்கிறது: சேதாரம். செய்யும்போது இவ்வளவு போகும் என்று முன்பே கணித்து விலையில் சேர்ப்பது. கணக்கியலின் இயல்பு இழப்பு இதுதான். அதன் செலவை நல்ல உருப்படிகளே சுமக்கும். அளவு மீறிப் போனதைச் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது, அந்தக் கணக்குக் காலத்தின் செலவாகவே எழுத வேண்டும் என்கிறது சரக்கிருப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலை ஐஏஎஸ் 2. 'சேதாரம் பேச்சுவழக்கு' என்று ஒதுக்குகிறவர்கள் 'எச்சம்' என்று எழுதிப் பார்க்கிறார்கள். பட்டறையில் எச்சம் என்றால் கூரைமேல் புறா போடுவது.

பெயர் மாறினால் தொகையும் மாறும். 1.2 கிலோ கம்பியைக் கடைந்து 0.8 கிலோ உருப்படி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பி கிலோ ரூ.80, பழைய இரும்பு கிலோ ரூ.30. பொருள் ரூ.96; துருவல் 0.4 கிலோ விற்று வரும் ரூ.12 போக ரூ.84. இது சேதாரம் உட்பட்ட செலவு, யாரும் பதற வேண்டாம். செய்முறையின் மூன்றாவது வேலையில் துளை பெரிதாகிப்போய் அந்த உருப்படி தள்ளப்பட்டால், அதுவரை ஆன கூலியும் இயந்திர நேரமும் ரூ.60 என்றால், மொத்தம் ரூ.144. காயலான் கடையில் கிடைப்பது ரூ.24. இழப்பு ரூ.120. 'கழிவு' என்ற தலைப்பில் எடையை மட்டும் எழுதினால் இது 0.8 கிலோவாகவும், போகப்போக 'கழிவு விற்பனை வருமானம்' ரூ.24 ஆகவும் சுருங்கிவிடும். நட்டம் வருமானமாகக் காட்சி தருவது இப்படித்தான்.

ஆகவே மூன்று சொல் போதும். துருவல், வெட்டுத்துண்டு எல்லாம் சேதாரம், கிலோவில். தள்ளிய உருப்படிக்கு 'வீண் உருப்படி', எண்ணிக்கையில். அதன் தொகை 'வீண் இழப்பு'. (உருப்படாமல் போனதை உருப்படி என்பது நெருடும்தான்.) எடைக்கு விற்கக் குவித்திருப்பது ஸ்கிராப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பதிவேட்டிலும் இரண்டு பக்கம் வேண்டும், சேதாரத்துக்கு ஒன்று, வீண் உருப்படிக்கு ஒன்று. வீண் உருப்படியைச் சிவப்புத் தொட்டியில் போடும்போதே பாகத்தின் எண், எத்தனையாவது வேலை, ஷிப்டு, காரணம் நான்கையும் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். லாரி வரும் நாளில் எடைபோட்டு எழுதினால் எந்த வேலையில் கெட்டது என்பது தெரியவே தெரியாது. துருவல் தொட்டிக்குள் ஒரு உருப்படியைப் புதைத்துவிட்டால் அது சேதாரக் கணக்கில் கரைந்துவிடும். மாதக் கடைசியில் துருவல் எடை கணித்ததைவிட ஏறியிருந்தால் தொட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டியதுதான். பித்தளைத் துருவல் இரும்போடு கலந்தாலும், எண்ணெய் வடியாமல் போனாலும் காயலான் கடைக்காரர் விலையைக் குறைப்பார். அந்தக் குறைப்புக்கு அவர் சொல்வதுதான், தள்ளுபடி என்ற பொருளில், உண்மையில் கழிவு.