சர்வரைத் திட்டுமுன் உங்கள் மடிக்கணினியைத் தொட்டுப் பாருங்கள்

சுமைச் சோதனையின் எண்ணை நம்பிச் சர்வர்மேல் பழி போட்ட நிறுவனங்களில், இந்த வருஷத்தில் இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடி ஒன்றில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனம். தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு போடும் இணையச் செயலி செய்கிறார்கள். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) யார் வந்தார், யார் எத்தனை செம்பனைக் குலை வெட்டினார் என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) பதிந்து வைப்பார்; மாதக் கடைசியில் அது சம்பளச் சீட்டாக வரும். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் எல்லாத் தோட்டத்துக் கிராணிகளும் ஒன்றாக வந்து விழுவார்கள். ஒரே நேரத்தில் 600 பேர் வந்தால் தாங்குமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

சோதனை செய்த தம்பி, ஒரு பதிலுக்குச் சராசரி 9 விநாடி ஆகிறது என்று அறிக்கை கொடுத்தார். முதலாளி பதறிப்போய் 4 கோர் (கணக்குப் போடும் மூளை) சர்வரை 16 கோராக்கினார். மாத வாடகை ஏறியது. மறுபடியும் சோதனை. அதே 9 விநாடி. அப்புறம்தான் எனக்குக் கூப்பிட்டார்கள்.

மாடி ஏறிப் போனால், தம்பியின் மடிக்கணினி ஒரு தடித்த கணக்குப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்று போகும் துளைகள் பாதி அடைபட்டிருக்கின்றன. மதியம் இரண்டு மணி. மேலே தகரக் கூரை. திரையில், பொய்ப் பயனாளர்களை அனுப்பிச் சோதிக்கும் டூலான ஜேமீட்டரின் ஜன்னல் திறந்திருக்கிறது, ஒவ்வொரு பதிலையும் பச்சை வரியாகக் கொட்டிக்கொண்டு. பின்னால் குரோமில் முப்பது டேப். ஒன்றில் பாட்டு ஓடுகிறது. வாடிக்கையாளரோடு வீடியோ சந்திப்பும் நடக்கிறது, கேமரா மட்டும் அணைத்து.

“தம்பி, மெமரி 97 சதவீதம் காட்டுதே?”

“அது எப்பவுமே அப்படித்தான்க்கா. சர்வரைப் பாருங்க, அதுதான் ஸ்லோ.”

இந்த வாக்கியத்தை எத்தனை இடத்தில் கேட்டுவிட்டேன்! ‘டூல் 9 விநாடின்னு காட்டுது, அப்படின்னா சர்வர் 9 விநாடி எடுத்துக்குது.’ இல்லை. இல்லவே இல்லை. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

அந்த 9 விநாடியை அளந்தது யார்? சர்வர் இல்லை, உங்கள் மடிக்கணினியில் ஓடும் டூல். கோரிக்கையை அனுப்பும்போது ஒரு தடவை மணி பார்க்கிறது. பதிலைப் படித்து முடித்ததும் இன்னொரு தடவை பார்க்கிறது. கழித்து வருவதுதான் அந்த எண். அந்த இரண்டாவது தடவை மணி பார்க்க டூலுக்கும், கோர்கள் அடங்கிய சிபியுவில் முறை கிடைக்க வேண்டும் அல்லவா? ஜேமீட்டர் ஒரு பயனாளருக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை) வைக்கிறது. 600 த்ரெட், முப்பது டேப், ஒரு வீடியோ சந்திப்பு எல்லாம் மடிக்கணினியின் நாலு கோருக்கு அடித்துக்கொள்கின்றன. தபால்காரர் காலையிலேயே கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் சாயங்காலம் எழுந்து வந்து பெட்டியைத் திறந்து, ‘தபால் சாயங்காலம்தான் வந்தது’ என்று புகார் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

மெமரி நிரம்பினால் இன்னும் மோசம். ஜேமீட்டர் ஓடுவது ஜாவாவில்; அந்த ஜாவா தன் குப்பையை (பயன் முடிந்த மெமரியை) கூட்ட ஆரம்பிக்கும்போது 600 பேரையும் அப்படியே உறைய வைத்துவிடும். கடிகாரம் மட்டும் உறையாது. அந்த நேரம் முழுக்கச் சர்வர் கணக்கில் எழுதப்படும்.

என் மாமா ஒரு செம்பனை மில்லில் எடைப்பாலத்துக் கிராணியாக இருந்தார். லோரி ஏறுமுன் அவர் கண் முதலில் போவது திரையில் பூஜ்யம் நிற்கிறதா என்றுதான். பள்ளி விடுமுறையில் நாங்கள் பாலத்து ஓரத்தில் விளையாடினால் விரட்டிவிடுவார். நாலு பிள்ளைகள் ஏறி நின்றால் அதுவும் குலை எடையில் சேர்ந்துவிடும் என்பார். நம்மவர்கள் பாலத்தின் மேல் குடும்பத்தோடு ஏறி நின்றுகொண்டு லோரியை நிறுக்கிறார்கள்.

சரி, தம்பியின் அறிக்கைக்கு வருவோம். அதிலேயே குட்டு உடைந்திருந்தது, யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. 600 பயனாளர். ஒவ்வொருவரும் ஒரு பதில் வந்தபின் 6 விநாடி பொறுத்து அடுத்ததை அழுத்துவதாக அமைப்பு. பதிலுக்கு 9 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 15 விநாடி. 600-ஐ 15-ஆல் வகுத்தால் விநாடிக்கு 40 கோரிக்கை போயிருக்க வேண்டும். அறிக்கையில் இருந்தது 23! அதாவது ஒரு சுற்றுக்கு 26 விநாடி ஆகியிருக்கிறது. டூல் சொன்ன பதில் நேரம் 9, இடைவெளிக்கு 6. மிச்சம் 11 விநாடி எங்கே போனது? மடிக்கணினிக்குள்ளேயே வரிசையில் நின்றிருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. வரிசைகளைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். இந்த ஒரு கணக்கைப் போடாமல் வரும் அறிக்கையை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை.

சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தோம். பெரும்பாலான கோரிக்கைகள் அரை விநாடிக்குள் முடிந்திருந்தன. முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘சிபியு 25 சதவீதம்தானே காட்டுது’ என்று வாதாடுகிறவர்கள் தனி ரகம். நாலு கோரில் ஒன்று மட்டும் முழுக்க முட்டி நின்றாலும் 25 சதவீதம்தான் காட்டும். 90 சதவீதம் என்றால் இன்னும் 10 மிச்சம் என்று நினைப்பவர்களும் உண்டு. எளிய வரிசைக் கணக்கின்படி, ஆளில்லாதபோது ஆகும் நேரம் 50 சதவீதத்தில் 2 மடங்காகும், 80-இல் 5 மடங்கு, 90-இல் 10 மடங்கு. உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இது ஒரே மாதிரிதான்.

சூட்டை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு ஒரு முடிவு, மதியம் இன்னொரு முடிவு வந்தால் செயலியில் பேய் புகுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மழைக்குக் கரண்டு போய் பேட்டரியில் ஓடினாலும் இதே கதைதான். மேகக் கணினியில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைப்பதில்) மலிவு ரகம் எடுத்தால் சேர்த்து வைத்த கிரெடிட், அதாவது வேக ஒதுக்கீடு, தீரும்வரை பறக்கும், அப்புறம் நொண்டும். அந்த நொண்டலைப் பார்த்து ‘இருபது நிமிஷத்துக்குப் பிறகு மெமரி லீக்’ (செயலி மெமரியைத் திருப்பித் தராத கோளாறு) என்று அறிக்கை எழுதியவரை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு வீணாகும் ரகம். எனக்குப் பயம் இதற்கு நேர்மாறான ரகத்தில்தான். திணறும் கணினி சுமையைச் சரியாக அனுப்பவே அனுப்பாது. முந்தைய பதில் வரும்வரை அடுத்த கோரிக்கையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சர்வர் தடுமாறும் நேரத்தில்தான் சோதனை மெதுவாகக் கோரிக்கை அனுப்பும். மோசமான அளவுகள் எடுக்கப்படாமலே போய்விடும். இதற்கு கில் டெனே என்ற மென்பொருள் நிபுணர் ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தார். 600 பேர் சுமை என்று எழுதியிருக்கும், உண்மையில் சர்வர் பார்த்தது 350 பேர் சுமையாக இருக்கும். எல்லாம் பச்சை, எல்லாரும் கைகுலுக்குவார்கள். 5-ஆம் தேதி கிராணிகள் நிஜமாகவே வரும்போது விழும். அப்போது சம்பளத்துக்குக் காத்திருப்பது நம் வீட்டு ஆட்கள்தான்.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். சுமை அனுப்பும் கணினியையும் சர்வரையும் ஒரே இயந்திரத்தில் வைக்காதீர்கள், ‘தனி டாக்கர்ல இருக்குக்கா’ என்று என்னிடம் சொல்லாதீர்கள்; டாக்கர் பெட்டி தனியானாலும் இயந்திரம் ஒன்றுதான். ஜேமீட்டரை ஜன்னல் திறந்து ஓட்டாதீர்கள். திறக்கும்போதே லோட் டெஸ்டுக்கு இது வேண்டாம் என்று அதுவே எழுதிக் காட்டுகிறது, படியுங்கள். சர்வரைக் கண்காணிப்பது போலவே அனுப்பும் கணினியின் சிபியு, மெமரி, நெட்வொர்க்கையும் பதிவு செய்யுங்கள். விண்டோஸில் வெளியே போக இயல்பாக 16,384 போர்ட் (இணைப்பு வாசல்) தான் உண்டு. இணைப்பைத் திறந்து திறந்து மூடினால் அதுவும் தீர்ந்துபோய் வரும் பிழையைச் சர்வர் தலையில் கட்டாதீர்கள். வைரஸ் தடுப்பான், இரவு பேக்கப், அடுத்த குழுவின் டேட்டாபேஸ் எல்லாம் எந்த நேரத்தில் ஓடுகின்றன என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொரு சின்ன வித்தை. சோதனை ஓடும்போது வேறொரு கணினியிலிருந்து ஒற்றை ஆளாக அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு அரை விநாடி, டூலுக்கு 9 விநாடி என்றால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையா, அதே 600 பேரை இரண்டு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். எண் இறங்கினால் குற்றவாளி பழைய கணினி.

தம்பியை அப்படியே செய்யச் சொன்னேன். இரண்டு தனிக் கணினிகள், ஜன்னல் இல்லாத ஓட்டம். சராசரி 0.6 விநாடிக்கு வந்தது. சம்பளச் சீட்டுத் தொகுப்புப் பக்கம் மட்டும் 12 விநாடி எடுத்தது. டேட்டாபேஸில் ஓர் அட்டவணைக்கு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் போடவே இல்லை. முந்தைய இரண்டு சோதனைகளிலும் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக மெதுவாக இருந்ததால் அது கூட்டத்தோடு கூட்டமாக மறைந்திருந்தது. 16 கோர் போட்டும் அந்தப் பக்கம் அசைந்து கொடுக்கவில்லை.

இண்டெக்ஸ் போட்டு, 4 கோருக்கே திரும்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஓட்டினார்கள். தம்பி முடிவைப் படமெடுத்து அனுப்பினார். கீழே ஒரு வரி: “பாட்டையும் நிறுத்திட்டேன்க்கா.”