விடுமுறையில் கூடும் இருமல்

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையிலிருந்து மூச்சிரைப்போடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "லீவு நாளில் குறைகிறதா?" என்பதுதான். குறைகிறது என்றால் வேலையிடத்தைச் சந்தேகிப்போம். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர் ஒருவருக்கு எல்லாமே தலைகீழ். வார நாட்களில் ஒன்றுமில்லை. சனி இரவில்தான் நெஞ்சு இறுகி இழுக்கிறது. "வீட்டில் பூனைகூட இல்லை, டாக்டர்."

மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்து, தினமும் குறித்துவரச் சொன்னேன். சனிக்கிழமைதோறும் அளவு சரிந்திருந்தது. அன்று என்ன செய்கிறீர்கள் என்றதும் கைப்பேசியை நீட்டினார். உள்ளங்கை அளவில் ஒரு விண்வெளிப் பந்தய வாகனத்தின் மாதிரி; அவரே செய்து பெயின்ட் அடித்தது. கண்ணாடிபோல் மின்னும் சிவப்பு உடல்; பின்புறக் குழாயின் விளிம்பில் மட்டும் சூட்டில் கன்றியது போன்ற நீலமும் ஊதாவும். உண்மையிலேயே அழகு.

அந்த மினுக்கம்தான் வில்லன். கார்களுக்கு மேற்பூச்சாக அடிக்கும், நிறமற்ற இரு கூறு கிளியர் ஸ்பிரே அது. அடியிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் கெட்டியாக்கும் கரைசல் உள்ளே கலக்கும். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. கார் பெயின்ட் பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதற்குப் பெயர்போன காரணம் இது. உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளியளவே போதும். அடித்துப் பல மணி நேரம் கழித்தும் மூச்சு இழுக்கலாம் என்பதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. முகக்கவசத்தின் கரி வடிகட்டி தீர்ந்துவிட்டதை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால்தான் முறையான பட்டறைகளில் குழாய்வழி வெளிக்காற்று தரும் கவசம் அணிகிறார்கள். வீட்டில் இதை அடிக்கவே வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

தின்னரில் கரையும் சாதாரண லேக்கர் பெயின்டுக்கு நம் ஊர் வானிலையே ஒரு பொறி. காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெளுத்துப் போகும். ஆகவே ஜன்னலைச் சாத்தி ஏர்கோனைப் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். வீட்டு ஏர்கோன் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. தின்னர் ஆவி எங்கும் போவதில்லை. அதே அறையில் படுத்தும் தூங்குகிறார்கள்! மழையில்லாத நாளில் வெயில் ஏறிய நண்பகலில் ஈரப்பதம் இறங்கும், அப்போது அடியுங்கள். பெயின்ட் புகையை உறிஞ்சும் ஸ்பிரே பெட்டி வைத்திருந்தால் அதன் குழாய் ஜன்னலுக்கு வெளியே நீள வேண்டும். பெட்டியின் பஞ்சு வடிகட்டி பெயின்ட் துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

என்95 முகக்கவசமும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டை ஏர்பிரஷில் (காற்றால் பெயின்டைத் தூவும் சிறு கருவி) அடிக்க அது உதவும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துளிகள் நுரையீரலின் அடிவரை போகும் என்பதால் அக்ரிலிக்குக்கும் கவசம் தேவைதான். தின்னருக்கோ கரிம ஆவி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தைப்பூச விரதத்துக்குத் தாடி விட்டிருக்கும் நாட்களில் எந்தக் கவசமும் முகத்தில் சரியாகப் படியாது. அந்த வாரங்களில் தூரிகை வேலையைப் பாருங்கள்.

முப்பரிமாண அச்சில் வாகன பாகம் எடுப்பவர்கள் பதப்படாத (இன்னும் இறுகாத) திரவ ரெசினை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க நீடிக்கலாம். பதப்பட்ட ரெசினைத் தேய்க்கும்போது நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

இருமலுக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். பொழுதுபோக்கு என்ன என்று எல்லா மருத்துவரும் கேட்பதில்லை.