இதயத்தில் என்ன தலையீடு?

ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் 'தலையீட்டு இருதயவியல் துறை' என்று பலகை. பேரனோடு வந்த பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, தாத்தாவுக்கு நெஞ்சுலதான வலி? தலைக்கு எதுக்குப் பாக்குறாங்க?" என்று கேட்டார். காப்பீட்டுப் படிவத்திலும் செய்தித்தாளிலும் இதே சொல்லைப் படித்துப் படித்துக் கசந்துபோயிருந்த எனக்கு, அன்று பொறுமை போயே போய்விட்டது.

மூலச்சொல் இன்டர்வென்ஷனல் கார்டியாலஜி. இலத்தீனில் 'இன்டர்' இடையே, 'வெனிரே' வருதல். கிரேக்கத்தில் 'கார்டியா' இதயம். அவ்வளவுதான்.

தமிழில் தலையிடுதல் வேறு. 'அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடாதே' என்கிறோம். அரசியல் தலையீடு, போலீஸ் தலையீடு என்றால் வேண்டாத நுழைவு. அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து உயிர் காப்பவருக்கு இந்தப் பெயரா? 'இடையீட்டு இதயவியல்' என்று எழுதுவோர் இன்னும் மோசம். இடையீடு என்றால் தடை, நடுவில் அறுபடுவது. இரத்த ஓட்டத்துக்கு இடையீடு செய்வது அடைப்பு. மருத்துவர் அதை நீக்குகிறவர். பொருளே தலைகீழாகிறது.

'இன்டர்வென்ஷனல்' என்ற அடைமொழி முதலில் கதிரியக்கத் துறையில் வந்தது. 1967இல் கதிரியக்க மருத்துவர் மார்குலிஸ், எக்ஸ்ரே போன்ற படம் பார்த்து நோயைச் சொல்வதோடு நிற்காமல் அதே படத்தின் துணையோடு சிகிச்சையும் செய்வதற்கு இப்பெயரிட்டார். அந்தக் கருத்தைத்தான் தமிழாக்க வேண்டும், அகராதியின் முதல் வரியை அல்ல. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் மருத்துவர் குருன்ட்சிக் செய்தது என்ன? நோயாளி விழித்திருக்க, நெஞ்சைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே குழாய் விட்டு, அதன் முனையிலிருந்த பலூனை ஊதி இதயத் தமனியின் அடைப்பை விரித்தார். இன்று பெரும்பாலும் மணிக்கட்டு வழியே 2 மி.மீ. தடிமனுள்ள குழாய் போகிறது, தமனி மீண்டும் சுருங்காமலிருக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழலை வைக்கிறார்கள். ஆகவே குழாய்வழி இதய சிகிச்சை என்பதே பொருத்தமான பெயர். செய்பவர் குழாய்வழி இதய மருத்துவர். அவரை 'இதய அறுவை நிபுணர்' என்று எழுதுவதும் தவறு. இவர் எம்.டி. பொது மருத்துவம் முடித்து டி.எம். இதயவியல் படித்தவர், நெஞ்சைத் திறப்பவர் எம்.சிஎச். என்னும் அறுவை மருத்துவப் பட்டம் படித்தவர்.

உள்ளே விடும் இந்தக் குழாயை, அதாவது கத்தீட்டரை, 'வடிகுழாய்' என்பதையும் இதயத்திலிருந்து விலக்க வேண்டும். சிறுநீர் வடிக்கப் போடும் குழாய்க்கு அது பொருந்தும். இதயத்தில் எதை வடிக்கிறோம்? கிரேக்க மூலத்துக்கே உள்ளே இறக்குவது என்றுதான் பொருள். செருகுகுழாய் என்றால் சரியாக இருக்கும். சிகிச்சை வடசொல் என்று உறுத்தினால் மருத்துவம் என்று எழுதுங்கள், எனக்குச் சம்மதமே. மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே ஒரு நாள், இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் வாசலில் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்.

அன்று பாட்டிக்குப் பதில் சொன்னவர் நர்ஸ். "தலைக்கு இல்ல பாட்டி. கைவழியா குழாய் விட்டு நெஞ்சடைப்ப எடுக்குற டாக்டரு."