வீடியோவிலிருந்து ஆடியோ: கன்வெர்ட் செய்யாமலே எடுக்கலாம்

கச்சேரி வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் தனியாக எடுக்க வழி தேடினால், முதலில் கண்ணில் படுவதெல்லாம் ஏதாவது ஒரு ‘எம்பி3 கன்வெர்ட்டர்’தான். வீடியோவை ஏற்றி, கொஞ்சம் காத்திருந்தால் எம்பி3 கையில் வந்துவிடும். வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் ஏற்கெனவே சுருக்கி வைத்திருந்த ஒலியை அவிழ்த்து, வேறொரு முறையில் மறுபடி சுருக்கித் தந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இது தேவையே இல்லாத வேலை, தரத்துக்கும் கேடு.

போனில் எடுத்த எம்பி4 ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் படம் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்கும் முறையில் இருக்கும். ஒலி ஏஏசி முறையில். எம்பி4 என்பது இரண்டையும் சேர்த்து வைக்கும் கண்டெய்னர் மட்டுமே. ஆப்பிளின் குவிக்டைம் ஃபைல் அமைப்பிலிருந்து வளர்ந்தது அது. உள்ளே படமும் ஒலியும் ஒன்றோடொன்று கரைந்துவிடுவதில்லை. கதம்பத்தில் மல்லியும் கனகாம்பரமும் மாறி மாறி வருகிற மாதிரி, படத் துண்டு கொஞ்சம், ஒலித் துண்டு கொஞ்சம், மறுபடி படம் என்று தொடுத்திருக்கும். படம் முழுவதையும் முன்னால், ஒலி முழுவதையும் பின்னால் வைத்தால், பிளேயர் ஃபைலின் இரு பக்கமும் ஓயாமல் தாவவேண்டியிருக்கும். நெட்டில் பார்க்கும்போது அது சரிப்படாது.

ஏஏசி-யில் ஒரு ஒலித் துண்டு, அதாவது ஒரு ஃபிரேம், 1,024 சாம்பிள்கள் கொண்டது. சாம்பிள் என்பது ஒரு கணத்தில் ஒலியை அளந்து எழுதிய எண். நொடிக்கு 48,000 சாம்பிள் எடுத்த ஒலியில் ஒரு ஃபிரேமின் நீளம் சுமார் 21 மில்லி நொடி. இவை ஒவ்வொன்றும் ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது, எப்போது ஒலிக்கவேண்டும் என்பதெல்லாம் ‘மூவ்’ என்ற தனிப் பகுதியில் அட்டவணையாக இருக்கும். வழக்கமாக இது ரெக்கார்டிங் முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் பேட்டரி தீர்ந்துபோன வீடியோ, ஃபைல் பெரிதாக இருந்தும் எந்தப் பிளேயரிலும் திறக்காமல் படுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். படமும் ஒலியும் உள்ளேதான் இருக்கும், அட்டவணைதான் இருக்காது.

சரி, அட்டவணை இருக்கிறது, ஒலித் துண்டுகள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை மட்டும் எடுத்து வேறொரு ஃபைலில் வரிசையாக எழுதினால் போதும். ஒலியை அவிழ்க்கவே வேண்டியதில்லை. இதைச் சுத்தமாகச் செய்யும் கட்டற்ற மென்பொருள் எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-இல் தொடங்கியது. பட்டன், மெனு எதுவும் கிடையாது, டெர்மினலில், அதாவது கணினிக்கு எழுத்தில் கட்டளையிடும் ஜன்னலில், தட்டவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரே வரிதான். முதலில் மென்பொருளின் பெயர். ‘-ஐ’ போட்டு வீடியோ ஃபைலின் பெயர். அப்புறம் ‘-விஎன்’, அதாவது படம் வேண்டாம். அடுத்து ‘-சி:ஏ காப்பி’, ஒலியை அப்படியே நகலெடு. கடைசியில் புது ஃபைலின் பெயர். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும், இப்படி: ffmpeg -i video.mp4 -vn -c:a copy audio.m4a ஒரு மணி நேர வீடியோ கூடச் சாதாரணக் கணினியில் சில நொடிகளில் முடிந்துவிடும். படித்து எழுதுவதைத் தவிர வேறு வேலையே இல்லையே.

புது ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் வால் மட்டும் சரியாக இருக்கவேண்டும். ஏஏசி ஒலிக்கு எம்4ஏ. எம்பி3 என்று பெயர் கொடுத்துவிட்டு நகலெடுக்கச் சொன்னால் எஃப்எஃப்எம்பெக் மறுத்துவிடும். பெயரை மாற்றினால் ஒலியின் முறை மாறிவிடாது. வெப்எம் என்ற வேறு வகைக் கண்டெய்னர் ஃபைல் என்றால், ஒலி அநேகமாக ஓப்பஸ் அல்லது வோர்பிஸ் முறையில் இருக்கும். விஎல்சி பிளேயரில் ஓட்டிக்கொண்டே கோடெக் (சுருக்கும் முறை) தகவலைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மறுபடி சுருக்கினால் அப்படி என்ன போய்விடுகிறது? சுருக்காத ஸ்டீரியோ ஒலி, 48,000 சாம்பிள், 16 பிட் கணக்கில், நொடிக்கு 1,536 கிலோபிட். அதை ஏஏசி 128 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. காதை ஏமாற்றித்தான் இதைச் சாதிக்கிறது. ஓங்கி ஒலிக்கும் ஒரு சுரத்துக்குப் பக்கத்து அதிர்வெண்ணில் மெல்லிய ஒலி இருந்தால் நமக்குக் கேட்காது. அந்த இடங்களில் துல்லியத்தைக் குறைத்துக்கொண்டு, அதனால் எழும் இரைச்சலைப் பெரிய ஒலியின் நிழலில் மறைத்துவிடும். ஒரு முறை செய்தால் பெரும்பாலோருக்குத் தெரியாது. இரண்டாவது முறை எம்பி3 வரும்போது, முதல் இரைச்சலும் அதற்கு இசையின் பகுதிதான். அதையும் சேர்த்துச் சுருக்கித் தன் பங்குக்குப் புது இரைச்சலையும் போடும். எம்பி3-யின் ஃபிரேம் 1,152 சாம்பிள் என்பதால் இரண்டின் எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை.

இதைக் கேட்டுப் பார்க்க விரும்பினால் வீணையையோ குரலையோ விட்டுவிட்டு ஜால்ராவையும் கஞ்சிராவையும் கவனியுங்கள். திடீரென்று விழும் அடிகளில்தான் குட்டு வெளிப்படும். இரைச்சல் ஃபிரேம் முழுவதும் பரவுவதால், அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே ‘ஸ்ஸ்’ என்று ஒரு முன்னொலி கேட்கும். அடியின் கூர்மை மழுங்கிவிடும்.

எம்பி3-யை 320 கிலோபிட்டில் எடுத்தால் தரம் கூடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 58 மெகாபைட் இருந்த 128 கிலோபிட் ஏஏசி, 144 மெகாபைட்டாக வீங்கும், அவ்வளவுதான். போன துல்லியம் திரும்பி வராது.

டெர்மினல் பிடிக்காதவர்கள் விஎல்சி-யில் ‘கன்வெர்ட்/சேவ்’ போகலாம். அங்கே தயாராக இருக்கும் எம்பி3 புரொஃபைல் மறுபடி சுருக்கும் வகை. புரொஃபைலைத் திருத்தும் இடத்தில், மூல ஆடியோ டிராக்கை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யவேண்டும். ஆடாசிட்டி, ஒலியை வெட்டி ஒட்டவும் இரைச்சல் நீக்கவும் நல்ல மென்பொருள். ஆனால் அது ஒலியை முழுசாக அவிழ்த்துத்தான் திறக்கும். எடுப்பதற்கு மட்டும் அதைத் திறப்பது வீண்.

பல மொழி ஒலி டிராக் உள்ள எம்கேவி (இதுவும் ஒரு கண்டெய்னர்) ஃபைலில் ஒரு சங்கதி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கிடம் எதுவும் சொல்லாவிட்டால், பொதுவாக அதிக சேனல் உள்ள டிராக்கைத் தேர்ந்தெடுக்கும். தமிழ் ஸ்டீரியோவாகவும் (இரண்டு சேனல்) இந்தி 5.1 ஆகவும் (ஆறு சேனல்) இருந்தால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்திதான். ‘-மேப்’ கொடுத்து ஒலி டிராக்கின் எண்ணைச் சொல்லவேண்டும் (-map 0:a:1 என்கிற மாதிரி, கடைசி எண்தான் டிராக்). எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும், ஆகவே இரண்டாவது ஒலி டிராக்கின் எண் 1.

மாற்றியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. பழைய கார் ஸ்டீரியோவில் பென்டிரைவ் செருகினால் எம்பி3 மட்டுமே பாடும் என்றால் வேறு வழியில்லை. சராசரியாக நொடிக்கு 190 கிலோபிட் வருகிற மாறும் பிட்ரேட்டில் (இடத்துக்கு இடம் கூடிக் குறையும் அளவில்) எடுத்தால் போதும். மூல எம்4ஏ-வை மட்டும் அழித்துவிடாதீர்கள், அடுத்த மாற்றத்தையும் அதிலிருந்துதான் செய்யவேண்டும். வெறும் பேச்சு, அதிலும் பாட வகுப்பு மாதிரி நீளமானது என்றால், ஓப்பஸ் மோனோ 32 கிலோபிட் தாராளம்: ஒரு மணி நேரம் சுமார் 14 மெகாபைட்டில் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளும் இதே ஓப்பஸ்தான்.