இரண்டு குடுவைகளில் ஒரு கத்தரிக்கோல்

வாழைப்பழம் கொஞ்சம் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ குட்டி ஈக்கள் வந்து மொய்க்குமே, அவற்றால் விவசாயிக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அழுகப்போகிற பழம்தான் அவற்றுக்கு வேண்டும். ஆனால் அதே குடும்பத்தில் டிரோசோபிலா சுசுகி என்று ஒரு வில்லன் உண்டு. இதில் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பு ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். செடியிலேயே சிவந்துகொண்டிருக்கும் ஸ்ட்ராபெர்ரியின் தோலை அறுத்து உள்ளே முட்டை வைத்துவிடும். கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த ஈ 2008-ல் கலிஃபோர்னியாவில் தென்பட்டது, அப்புறம் செர்ரி, ராஸ்பெர்ரி, புளூபெர்ரி எதையும் விடவில்லை. புழு பழத்துக்குள் பத்திரமாக இருப்பதால் மருந்து அடித்தும் அதை எட்டுவது கஷ்டம்.

மலட்டு ஆண்களை ஏராளமாகப் பறக்கவிட்டால், அவற்றோடு கூடும் பெண்களின் முட்டைகள் பொரியாது. இது பழைய யோசனைதான். கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் ஒரு ஈயை 1954-ல் குராசாவ் தீவில் இப்படித்தான் ஒழித்தார்கள், கதிர்வீச்சால் மலடாக்கி. கதிர்வீச்சு பட்ட ஆண் கொஞ்சம் நோஞ்சானாகிவிடும் என்பது ஒரு சங்கடம். அதைவிடப் பெரிய தலைவலி, பெண்களைப் பிரித்தெடுப்பது. மலடாக இருந்தாலும் பெண் பழத்தைக் குத்தத்தானே செய்யும்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஓமர் அக்பரியின் குழு இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மரபணுவை வெட்டும் கத்தரிக்கோலான கிறிஸ்பரில் இரண்டு பாகங்கள்: வெட்டும் காஸ்9 புரதம், எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ. ஒன்றில்லாமல் மற்றது சும்மா. அதனால் ஒரு குடுவை ஈக்களில் காஸ்9 மட்டும், இன்னொரு குடுவை ஈக்களில் வழிகாட்டி மட்டும் வைத்தார்கள். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாதாரணமாகப் பெருகும், அதுதான் சூட்சுமம், மலட்டுப் பூச்சியை வைத்து மலட்டுப் பூச்சியை எப்படி உற்பத்தி செய்வது? கடைசியாக இரண்டையும் கலக்கும்போதுதான் முட்டைக்குள் கத்தரிக்கோல் முழுசாகச் சேருகிறது. பெண்ணாக வளரத் தேவையான மரபணு வெட்டுப்படும், ஆணின் விந்தணுவுக்குத் தேவையான மரபணுவும் வெட்டுப்படும். பெண்கள் சாகும், அல்லது இரண்டும்கெட்டானாக, முட்டையிட முடியாமல் வளரும். ஆண்கள் மலடாகப் பறக்கும். இந்த முட்டைகளில் ஆண் பெண் பிரிக்கும் வேலை கிடையாது, முட்டைகளையே தோட்டத்தில் வைத்துவிடலாம். முதலில் ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் பழ ஈயில் 2019-ல் காட்டினார்கள், பிறகு சுசுகியிலும்.

ஜீன் டிரைவ் என்று இன்னொரு வழியும் இருக்கிறது, ஒரு மரபணு மாற்றத்தை வழக்கத்தைவிட அதிகப் பிள்ளைகளுக்குக் கடத்தும் வழி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுசுகியில் ஆணா பெண்ணா என்ற வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டபுள்செக்ஸ் மரபணுவைக் குறிவைத்து ஒன்றைச் செய்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய மாற்றம் 94 முதல் 99 சதவீதம் பிள்ளைகளுக்குப் போனது, இரண்டு பிரதி வாங்கிய பெண்கள் மலடாயின. தானே காடெல்லாம் பரவிவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதனால் இதிலும் கத்தரிக்கோலின் பாகங்களைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

என் ஓட்டு முதல் வழிக்கே, நாம் தோட்டத்தில் முட்டை வைப்பதை நிறுத்தினால் அதோடு சரி. ஆனால் அதனாலேயே ஒவ்வொரு பருவத்திலும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் மலை மலையாக. வேலியோரப் புதர்களில் காய்க்கும் காட்டுப் பழங்களில்கூட இந்த ஈ பெருகுகிறதே.