மொனாப்சனி: கொள்வோர் முற்றுரிமை

கூலி ஏன் ஏற மறுக்கிறது என்று ஆராயும் பொருளியல் கட்டுரைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் மொனாப்சனி. அவசரமாகப் படித்தால் மொனாப்பொலி என்று கண் ஏமாந்துவிடும். இரண்டும் உறவுச் சொற்கள்தான். சந்தையில் விற்பவர் ஒருவரே என்றால் மொனாப்பொலி, வாங்குபவர் ஒருவரே என்றால் மொனாப்சனி. கரும்பு விவசாயிக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். ஓர் ஆலைக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில் கரும்பு போட்டவர் அந்த ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு வயலிலேயே நிற்கும்.

பொருளியலாளர்கள் இந்தச் சொல்லைக் கரும்புக்கோ நெல்லுக்கோ பயன்படுத்துவதைவிட உழைப்புக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். உழைப்பைத் தொழிலாளி விற்கிறார், நிறுவனம் வாங்குகிறது. வாங்க ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் விலையை, அதாவது கூலியை, அவரே முடிவு செய்வார்.

சொல்லின் பிறப்பு நாள் ஏறக்குறையத் தெரியும் என்பது சொல்லாராய்ச்சியில் அபூர்வம். இதற்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் நிறைகுறைப் போட்டி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விற்பவர் பக்கத்து ஆதிக்கத்தைச் சொல்ல மொனாப்பொலி இருந்தது, வாங்குபவர் பக்கத்துக்குச் சொல் இல்லை. பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் கிரேக்கம், இலத்தீன் அறிந்தவரான பி. எல். ஹால்வர்ட் மொனாப்சனி என்று ஆக்கிக் கொடுத்தார். ராபின்சன் அதற்கு நூலிலேயே நன்றி சொல்லியிருக்கிறார்.

கிரேக்கத்தில் மோனோஸ் என்றால் ஒற்றை. பின்பாதிதான் சுவையானது. ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடும் மீன், காய், பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் அங்கே ஓப்சோன் என்று பெயர். நம் பக்கம் வெஞ்சனம் என்கிறோமே, அதேதான். மீன் என்ற பொருளே அதில் மேலோங்கி நின்றது. இன்றைய கிரேக்கத்தில் மீனுக்கு வழங்கும் ப்சாரி என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததே. கடைக்குப் போய் வெஞ்சனம் வாங்கி வருவது ஓப்சோனைன். ஆக, மொனாப்சனிக்கு நேர்ப்பொருள் பார்த்தால் ‘ஒருவரே வெஞ்சனம் வாங்குதல்’.

அதே வேரிலிருந்து ஓப்சோனியோன் என்று இன்னொரு சொல்லும் உண்டு. படைவீரர்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கெனக் கொடுத்த படியை முதலில் அது குறித்தது, பிறகு கூலியையே குறித்தது. ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்று தமிழ் விவிலியத்தில் ரோமர் நிருபம் 6:23இல் வரும் வரியில், சம்பளம் என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பது இந்தச் சொல்தான். தமிழில் சம்பளம் என்ற சொல்லைச் சம்பா, அளம் என்று பிரித்து நெல்லும் உப்பும் என்பார் உண்டு. வழிநடைக்கான கட்டுச்சோறு என்று பொருள்படும் வடசொல் சம்பலத்தோடு இணைப்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பொருந்துவதாகத் தோன்றுகிறது. எப்படிப் பார்த்தாலும் கூலிச் சொல்லுக்குள் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கிறது.

சரி, இது கூலியை எப்படிக் குறைக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தையல் பட்டறையில் நாளுக்கு 500 ரூபாய் கூலியில் 10 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத்தில் வேறு பட்டறை இல்லை. பதினோராவது ஆள் வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளியுள்ள ஊரிலிருந்து வர வேண்டும், அவர் 520 கேட்கிறார். புதிதாக வந்தவருக்கு 520 கொடுத்தால் பழைய 10 பேரும் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு 20 ஏற்ற வேண்டும், அது 200. ஆக, பதினோராவது ஆளால் உரிமையாளருக்கு ஆகும் கூடுதல் செலவு 720. அந்த ஆள் தைத்துக் கொடுப்பதோ 650 ரூபாய் மதிப்புக்கு. உரிமையாளர் ஆளெடுக்காமல் விட்டுவிடுவார். கூலி 500இல் நிற்கும், வேலை 10 பேருக்கு மட்டும்.

இப்போது அரசு குறைந்தபட்சக் கூலி 520 என்று ஆணையிடுகிறது. பழைய 10 பேருக்கும் எப்படியும் 520 கொடுத்தாக வேண்டும். பதினோராவது ஆளுக்கும் வெறும் 520தான், அவர் 650க்குத் தைப்பார். உரிமையாளர் அவரைச் சேர்த்துக்கொள்வார். கூலியும் ஏறியது, வேலையும் கூடியது. கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலை போய்விடும் என்று பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு நேர் எதிரான விடை இது. அளவுக்கு மீறி உயர்த்தினால் வேலை குறையத்தான் செய்யும். இதே கணக்கில் 700 என்று வைத்தால் 650க்குத் தைப்பவரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த எண்ணம் வெகுகாலம் கரும்பலகையிலேயே கிடந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் பழைய கூலியே நீடித்தது. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்து, 1994இல் முடிவை வெளியிட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளமே இல்லை. சக பொருளியலாளர்கள் சிலர் கொதித்துப் போனார்கள். சம்பளப் பட்டியல்களை வைத்து டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் எதிர்வாதம் வைத்தார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, அதைப் பார்க்க க்ரூகர் இல்லை. அவர் 2019இல் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. நியூ ஜெர்சியில் ஆயிரக்கணக்கான முதலாளிகள் இருக்கும்போது ‘ஒருவரே’ எப்படிப் பொருந்தும்? லண்டன் பொருளியல் பள்ளியின் ஆலன் மானிங் 2003இல் எழுதிய நூல் முழுக்க இதற்கான பதில்தான். முதலாளிகள் பலர் இருந்தாலும் தொழிலாளியால் சட்டென்று மாற முடிவதில்லை. வேறிடத்தில் என்ன கூலி என்று தெரியாது, பஸ் வசதி இருக்காது, பிள்ளையின் பள்ளி இங்கே இருக்கும், மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டும். கூலியில் பத்து ரூபாய் குறைத்தால் மறுநாளே அத்தனை பேரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றால்தான் அது போட்டிச் சந்தை. நடப்பில் அப்படிப் போவதில்லை. போக முடியாத அந்த அளவுக்கு முதலாளியின் கை ஓங்கியிருக்கிறது.

மருத்துவத் துறையில் இது துலக்கமாகத் தெரியும். அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒன்றோடொன்று இணைந்தபின் கூலி என்னவாயிற்று என்று எலினா ப்ரேகரும் மேட் ஷ்மிட்டும் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். இணைப்பால் போட்டி பெரிதும் குறைந்த ஊர்களில் செவிலியர், மருந்தாளுநர் ஊதிய உயர்வு மந்தமாயிற்று. தனித்திறன் தேவைப்படாத வேலைகளில் இருந்தவர்களுக்கு அப்படி ஆனதாகத் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. துப்புரவு வேலை செய்பவர் ஓட்டலுக்கோ பள்ளிக்கோ போகலாம். செவிலியர் தன் படிப்பை எடுத்துக்கொண்டு வேறெங்கே போவார்?

மருத்துவக் காப்பீடும் இதே கதைதான். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் பலருக்குக் காப்பீடு முதலாளி வழியாகவே வருகிறது. 2014க்கு முன்பு பெரும்பாலான மாநிலங்களில், ஏற்கனவே நோய் உள்ளவர் தனியாகக் காப்பீடு வாங்கப் போனால் காப்பீட்டு நிறுவனம் மறுக்க முடிந்தது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க யாருக்குத் துணிவு வரும்? சம்பளம் பிடிக்காவிட்டாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது இதைப் பேசாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

தமிழர் வரலாற்றில் இதற்குக் கொடுமையான உதாரணம் இலங்கை மலையகத்தில் உண்டு. தொழிலாளி தோட்டத்துக்கோ கங்காணிக்கோ பட்ட கடனை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவிப்பார்கள். சுற்றிலும் எத்தனையோ தோட்டங்கள், ஆளுக்குத் தட்டுப்பாடும் உண்டு, ஆனாலும் தொழிலாளியால் தானாக நகர முடியாது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. குடியிருக்கும் லயமும் தோட்டத்துக்கே சொந்தம் என்ற நிலை அதற்குப் பிறகும் போகவில்லை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் எத்தனை தலைமுறைக் கூலியை அமுக்கி வைத்தது!

தமிழில் எப்படிச் சொல்வது? மொனாப்பொலிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முற்றுரிமை நிலைத்துவிட்டது, பத்திரிகைகளில் ஏகபோகம் வழங்குகிறது. அதையொட்டிக் ‘கொள்வோர் முற்றுரிமை’ என்பது என் பரிந்துரை. கொள்ளுதல் என்றால் வாங்குதல் என்பது கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் எல்லோருக்கும் தெரியும், ஈழத்தில் கொள்வனவு அன்றாடச் சொல். ‘ஒற்றை வாங்குநர் சந்தை’ என்று எழுதுகிறவர்கள் மோனோஸை அப்படியே கொண்டுவருகிறார்கள். மானிங்குக்குப் பிறகு அந்த ‘ஒற்றை’ வழிதவறச் செய்யும். முற்றுரிமையில் எண்ணிக்கை இல்லாதது இங்கே வசதி. முழு ஆதிக்கமாக இல்லாமல் கூடக்குறைய இருக்கும் இடங்களில் ‘கொள்வோர் ஆதிக்கம்’ என்று எழுதலாம்.

உழைப்புச் சந்தையில் ஒரு குழப்பம் வரும். பேச்சுத் தமிழில் முதலாளி ‘வேலை கொடுப்பவர்’. பொருளியல் கண்ணில் அவர் கொள்பவர். ‘நன்றாக வேலை வாங்குகிறார்’ என்றும் அதே பேச்சுத் தமிழ் சொல்வதால், உழைப்பைக் கொள்பவர் என்பதை வாசகர் எளிதில் பிடித்துக்கொள்வார். முதல் தடவை மட்டும் ‘உழைப்புக் கொள்வோர் முற்றுரிமை’ என்று விரித்து எழுதினால் போதும்.

வாங்குபவர் ஒருவராக இல்லாமல் நாலைந்து பேராக இருந்தால் அதற்கு ஆலிகாப்சனி என்று தனிச்சொல் உண்டு. பாடநூலில் உள்ள சில்லோர் முற்றுரிமையை ஒட்டி ‘சில்கொள்வோர் முற்றுரிமை’ எனலாம். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயி பறித்த பச்சைத் தேயிலையை எட்டும் தூரத்தில் உள்ள சில தொழிற்சாலைகளுக்குத்தான் போட முடியும், இலை வாடுவதற்குள் போட்டாக வேண்டும். அங்கே பொருந்துவது இந்தச் சொல்தான்.